உலகத் தொழிற்போட்டியும் நம் பிள்ளைகளும்

1950-ல் ஸ்பெயின், போர்த்துக்கல் வாலிபர்களுக்குள் துவங்கிய தொழிற்போட்டி இன்று “வேர்ல்ட் ஸ்கில்ஸ்” என்னும் உலகப் போட்டியாக நடந்து வருகின்றது. கொத்து வேலை, தச்சு வேலை, குழாய் வேலை, வெல்டிங் யாவுக்கும் அங்கு மெடல் உண்டு. எழுப்பிய சுவரை ரசமட்டமும் அளவுகோலும் வைத்துப் பார்க்கின்றார்களேயொழிய, எழுப்பியவன் தகப்பன் யார், ஜாதி என்ன என்று கேட்பாரில்லை. நம்மவர்களோ கொத்தன் என்றாலே பெண் கொடுக்க யோசிக்கின்றார்கள்!

2024-ல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் இந்தியாவுக்குக் கிடைத்தது 4 வெண்கலம். பெரும்பாலான தொழில்களுக்கு வயது வரம்பு 22. ஆகவே 20-ஆம் வயதில் ஒருவனைப் பொறுக்கியெடுத்துச் சில மாதம் முடுக்கினால் போதுமா? பட்டறையில் சேர்ந்த அன்றே வரைபடத்தையும் அளவுக் கருவியையும் கையில் கொடுக்க வேண்டாமா? டீ வாங்கவும் தரை கூட்டவுமே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டு, மெடல் வரவில்லையே என்று யாரை நோவது?