கணக்கில் வராத மனிதர்கள்



கடை நடத்துபவர்களுக்கு இது தெரியும். சரக்குப் புத்தகத்தில் ஏறாத மூட்டை குடோன் மூலையில் கிடந்து மக்கிப் போகும். யாரும் அதைத் தேட மாட்டார்கள். மூட்டைக்கே இந்தக் கதி என்றால், கணக்கில் ஏறாத மனிதனின் கதி என்ன?

2000-ல் ஐ.நா. சபையில் கூடிய உலக நாடுகள் வறுமையை விரட்டப் போவதாக உறுதி எடுத்தன. அதிலிருந்து பிறந்தவைதான் 8 மில்லினியம் வளர்ச்சி இலக்குகள். பசி, கல்வி, தாய்சேய் நலம் எல்லாம் அதில் இருந்தன. மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! 2015-ல் வந்த அடுத்த பட்டியலில்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

ஏழை நாடுகளில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களும் ஆய்வாளர்களும் அவர்களைத் தேடவே இல்லையா? தேடினார்கள். ஆனால் கேள்வியே கோணலாக இருந்தது. "வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?" என்று வாசலில் நின்று கேட்டால் எந்தத் தாய் "ஆம்" என்பாள்? மகளின் திருமணம் தடைபடும் என்று அஞ்ச மாட்டாளா?

ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவைப் பாருங்கள். 2000 மக்கள்தொகைக் கணக்கில் மாற்றுத்திறனாளிகள் 2.7 சதவீதம்தான். சில ஆண்டுகளில் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் வைப்பதில், தன் வேலையைத் தானே செய்வதில், பிறரிடம் பேசிப் புரிய வைப்பதில் சிரமம் உண்டா? ஆறே கேள்விகள்தாம். எண்ணிக்கை பல மடங்கு கூடியது! மக்கள் புதிதாக முளைத்துவிடவில்லை. இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள், அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி இவர்கள் 130 கோடிப் பேர். ஆறு பேரில் ஒருவர்!

எண்ணினால் மட்டும் போதுமா? போதாது. "எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள்" என்பது அவர்களின் முழக்கம். ஆய்வுக் குழுவில் அவர்களும் அமர வேண்டும். கேள்வியை அவர்களும் எழுத வேண்டும். 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 32-ஆவது பிரிவு, நாடுகள் ஒன்றுக்கொன்று செய்யும் உதவித் திட்டங்கள் இவர்களையும் சேர்த்தே அமைய வேண்டும் என்கிறது. 2007-ல் நம் நாடும் அதை ஏற்றது.

இளைஞர்களே! வெள்ள நிவாரணத்துக்கு நாளை தெருவில் பட்டியல் எடுக்கப் போவது நீங்கள்தான். வரிசையில் வந்து நிற்பவரை மட்டும் எழுதிவிட்டுத் திரும்பாதீர்கள். வர முடியாதவர் உள்ளறையில் படுத்திருக்கிறார். கதவைத் தட்டுங்கள். அந்த ஆறு கேள்விகளையும் கேளுங்கள். "உங்களுக்கு என்ன தேவை?" என்று ஏழாவதாக அவரிடமே கேளுங்கள்!