‘டெம்பரரி தானே?’ன்னு விட்டுடாதீங்க

பிரெட்போர்டில் அவசரத்துக்குச் செருகிய ஒயர், ப்ராஜெக்ட் டெமோவுக்கு முந்தின ராத்திரி பசை போட்டு ஒட்டிய பிராக்கெட், கோடுக்கு நடுவில் ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்று எழுதி வைத்த கமென்ட். இதில் எது நாம் சொன்னபடி ‘அப்புறம்’ மாறியிருக்கு, சொல்லுங்க பார்ப்போம்? செமஸ்டர் முடிஞ்சும் அது அப்படியே தான் இருக்கும்.

இதே கதை நம்ம வாய்க்குள்ளேயும் நடக்குது. பல் டாக்டர் வைக்கிற தற்காலிக ஃபில்லிங், தற்காலிக கேப் பற்றித் தான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல், சிவில், மெட்டலர்ஜி, பயோமெடிக்கல் என்று நீங்க எந்தப் பிரிவில் படித்தாலும் இதில் உங்களுக்கு வேலை இருக்கு.

முதலில், எதுக்கு இந்தத் தற்காலிகம்? ரூட் கெனால் பல நேரம் ஒரே நாளில் முடியாது. ஒரு சிட்டிங்குக்கும் அடுத்த சிட்டிங்குக்கும் நடுவே பல்லில் உள்ள ஓட்டையை மூடி வைக்கணும். அதே மாதிரி, பல்லைச் செதுக்கி அளவெடுத்த பிறகு நிரந்தர கேப் லேபிலிருந்து வரச் சில நாட்கள் ஆகும். அதுவரைக்கும் அந்தப் பல்லை மூட வேண்டும், மென்று சாப்பிட வேண்டும், பக்கத்துப் பற்கள் நகராமல் இடம் பிடித்து வைக்க வேண்டும், எச்சிலும் பாக்டீரியாவும் உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். வேலை எல்லாம் நிரந்தர கேப் செய்யும் அதே வேலை தான். ஆனால் சொன்ன நாளில் சத்தமில்லாமல் கழன்றும் வர வேண்டும்!

அதனால் தான் சொல்கிறேன், ‘டெம்பரரி’ என்பது தரக்குறைவுக்கு இன்னொரு பெயர் இல்லை. அது ஒரு ஸ்பெசிஃபிகேஷன். அதுவும் கஷ்டமான ஸ்பெசிஃபிகேஷன்.

தற்காலிக கேப் செய்யும் பொருட்களைப் பாருங்க. பழைய ஆள் பி.எம்.எம்.ஏ., அதாவது மீன் தொட்டியிலும் வண்டியின் பின் விளக்கிலும் நாம் பார்க்கும் அதே அக்ரிலிக் குடும்பம். பவுடரையும் திரவத்தையும் கலந்தால் இறுகும். இறுகும்போது சூடாகும், சுருங்கும். சுருங்கினால் கேப்பின் ஓரத்தில் இடைவெளி விழும். அந்தச் சூடு உயிருள்ள பல்லுக்கு நல்லதில்லை. அடுத்து வந்தது பிஸ்-அக்ரில். கார்ட்ரிட்ஜிலிருந்து தானாகக் கலந்து வரும், சூடும் சுருக்கமும் குறைவு. ஆனால் குறுக்குப் பிணைப்பு அதிகம் என்பதால் நொறுங்கும் குணம் கொண்டது. பிளாக்கிலிருந்து கம்ப்யூட்டர் மில்லிங்கில் கடைந்து எடுக்கிற பி.எம்.எம்.ஏ. இன்னொரு வகை. ஆலையிலேயே அழுத்தத்தில் இறுகிய பிளாக் என்பதால் உள்ளே காற்றுக் குமிழி குறைவு, கையால் கலந்ததைவிட நம்பகமானது. இப்போது 3டி பிரிண்டிங்கும் வந்துவிட்டது. அங்கே லேயர் எந்தத் திசையில் விழுகிறது, பிரிண்ட் முடிந்ததும் எவ்வளவு நேரம் ஒளியில் வைத்து இறுக்கினார்கள் என்பதைப் பொறுத்துப் பலம் மாறும்.

பொருள் மட்டும் கதையை முடிப்பதில்லை. இல்லாத பல்லுக்குப் பதிலாக இரண்டு பக்கப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ், நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் வந்த அதே பீம் தான். நடுவில் விசை விழும்போது, இடைவெளி இரண்டு மடங்கானால் வளைவு 8 மடங்கு. தடிமனைப் பாதியாக்கினாலும் 8 மடங்கு. கடைவாய்ப் பல்லில் முழு பலத்தோடு கடித்தால் சில நூறு நியூட்டன் விழும். மேலிருந்து கடிக்கும்போது ஈறு பக்கம் இழுவிசையில் இருக்கும், பல்லும் பல்லும் சேரும் மெல்லிய இணைப்பில் விரிசல் தொடங்கும். கண்ணாடி இழையை ஈறு பக்கம் வைத்து வலுவூட்டுவது அதனால் தான். கான்கிரீட் பீமுக்கு அடிப்பக்கம் கம்பி கட்டும் அதே நியாயம்.

இப்போ ஃபில்லிங்குக்கு வருவோம். ரூட் கெனால் நடுவே அதிகம் வைப்பது ஜிங்க் ஆக்சைடு, கால்சியம் சல்ஃபேட் கலந்த மாவு மாதிரியான பொருள். கேவிட் என்ற பெயரில் பிரபலம். எச்சிலின் ஈரத்தை உறிஞ்சி லேசாக விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும், அது தான் அதன் கெட்டிக்காரத்தனம். ஆனால் பலம் குறைவு, சாப்பிடச் சாப்பிடத் தேயும். குறைந்தது 3.5 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்பார்கள். இன்னொன்று ஜிங்க் ஆக்சைடு யூஜெனால். யூஜெனால் வேறொன்றுமில்லை, பல் வலிக்குப் பாட்டி வைக்கச் சொல்லும் கிராம்புத் தைலத்தின் முக்கியச் சரக்கு. பல்லை அமைதிப்படுத்தும், ஆனால் ரெசின் இறுகுவதைக் கெடுக்கும். பின்னாடி ரெசின் வைத்து ஒட்டப் போகிற டாக்டர் யூஜெனால் இல்லாத சிமென்ட்டைத் தேடுவார்.

‘சரி, எல்லாத்தையும் ரொம்ப பலமா செஞ்சிட்டா என்ன?’ன்னு கேட்பீங்க. தற்காலிக கேப்பை நிரந்தர சிமென்ட் போட்டு ஒட்டினால், கழற்றும் நாளில் அறுத்துத் தான் எடுக்க வேண்டும், செதுக்கி வைத்த பல்லுக்கும் ஆபத்து. அதனால் கேப் பலமாகவும், அதை ஒட்டும் சிமென்ட் வேண்டுமென்றே பலவீனமாகவும் இருக்கணும். ஃபியூஸ் மாதிரி. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் அது சிமென்ட்டாக இருக்கட்டும், பல்லாக இருக்கக் கூடாது.

இவ்வளவு கணக்கும் ஒரே ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: நோயாளி சொன்ன தேதியில் திரும்பி வருவார். அங்கே தான் இடிக்குது. ரூட் கெனாலில் நரம்பை எடுத்ததும் வலி போய்விடும். ‘வலி இல்லையே, கேப்புக்கு வேற தனியா காசு, எக்ஸாம் முடியட்டும்’னு தள்ளிப் போடுவோம். சில வாரத்துக்கான பொருள் மாதக்கணக்கில் கிடக்கும். தேயும், ஓரத்தில் கசியும், பாக்டீரியா உள்ளே இறங்கும். நரம்பு இல்லாததால் அந்தப் பல் கூச்சம் காட்டி எச்சரிக்கவும் செய்யாது. வேர் நுனி தாண்டிச் சீழ் பிடித்த பிறகு தான் தெரியவரும். அப்போ ரூட் கெனாலை மறுபடி செய்யணும். ஏற்கெனவே குடைந்த பல், கேப் இல்லாமல் நெடுக்காகப் பிளந்துவிட்டால் பெரும்பாலும் பிடுங்கத் தான் வேண்டும்.

எனவே ப்ராஜெக்ட் செய்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 25×2×2 மில்லிமீட்டர் சட்டம் வார்த்து, யூ.டி.எம்.மில் வைத்து உடைத்து, ‘எங்க பொருள் அதிக பலம்’னு ஒரு பார் சார்ட் போடுவது சுலபம். அது முதல் நாள் பலம், வாய்க்குள் இருக்கும் பலம் இல்லை. அதே சட்டத்தை 37 டிகிரி தண்ணீரில் ஊறவையுங்க. 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் மாற்றி மாற்றி முக்கி எடுங்க. சின்ன விசையை ஆயிரக்கணக்கான தடவை கொடுத்துப் பாருங்க. பிறகு எவ்வளவு பலம் மிச்சம் என்று எழுதுங்க. ஓரம் கசிகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்க. ஆள் தேதிக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்பதும் டிசைன் கேள்வி தான். தேயத் தேய நிறம் மாறி ‘என்னை மாத்து’ன்னு காட்டும் ஒரு ஃபில்லிங்கை யோசிக்க நம்ம டிபார்ட்மென்டில் ஆள் இல்லையா என்ன?

மற்ற எல்லோருக்கும்: உங்க வாயில் இப்போ தற்காலிகமா ஏதாவது இருந்தால், ‘இது எத்தனை நாளுக்கு?’ என்று டாக்டரிடம் கேளுங்க. பதிலை மொபைல் காலண்டரில் போடுங்க. செலவு மொத்தமா எவ்வளவு என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்க, பாதியில் நிற்க வேண்டியிருக்காது. அந்தப் பக்கம் முறுக்கு, கடலை மிட்டாய், ஐஸ் கட்டி, சூயிங் கம் வேண்டாம். கேப் கழன்று வந்தால் கடைப் பசை போட்டு நீங்களே ஒட்டாதீங்க, பத்திரமா எடுத்துக்கிட்டு டாக்டரிடம் போங்க. வலி இல்லை என்பது வேலை முடிந்ததற்கு அத்தாட்சி இல்லை. நிரந்தர ஃபில்லிங்கோ கேப்போ உட்காரும் வரை சிகிச்சை பாதியில் தான் நிற்குது.