பார்க்கிறதுக்கும் நாங்கள், காட்டுறதுக்கும் நாங்கள்

உலகமயமாக்கல் எண்டு சொன்ன உடன எங்கட பெரியாக்களுக்கு ஞாபகம் வாறது கிழிஞ்ச ஜீன்ஸும், பீட்சாவும், பெடியளின்ர தலைமயிரும்தான். மேற்கத்தேயக் கலாசாரம் எங்கட பண்பாட்டை விழுங்குது எண்டு மேடை மேடையாகக் கதைக்கினம். கதைச்சுப்போட்டு வீட்டை போய், இரவு பத்து மணி வரைக்கும் சென்னைச் சீரியல் பார்க்கினம். எங்கட விறாந்தைக்குள்ள வந்து குந்தியிருக்கிற உலகமயமாக்கல் இங்கிலிஷில கதைக்கேல்லை, தமிழிலதான் கதைக்குது. அதனாலதான் ஒருத்தருக்கும் அது கண்ணில படேல்லை.

ஒண்டை முதலிலயே சொல்லிப்போடுறம். நாங்கள் தூய்மைவாதிகள் இல்லை. கலப்பில்லாத பண்பாடு எண்டு ஒண்டு உலகத்தில கிடையாது. நாங்கள் சாப்பிடுற பாண், இருக்கிற கதிரை, திறக்கிற யன்னல், கிடங்கு கிண்டுற அலவாங்கு, இந்தச் சொல் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுட்டுப் போனவை. அதால தமிழ் செத்துப்போகேல்லை. பண்பாட்டைக் காப்பாற்றுறம் எண்டு வெளிக்கிட்டு, பொம்பிளைப் பிள்ளையளின்ர உடுப்புக்குக் கீழ கொமெண்ட் எழுதுற காவல்காரரோடயும் எங்களுக்கு உடன்பாடில்லை. எங்கட கேள்வி வேற. யார் பேசுறது, யார் கேக்கிறது? படம் பிடிக்கிற கமெரா ஆருடையது, அதால வாற காசு ஆருக்கு?

"ரிமோட் உங்கட கையிலதானே, பிடிக்காட்டி மாத்துங்கோ" எண்டு சொல்லுவினம். கணக்கைப் பாருங்கோ. 2011 குடிசன மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் சனத்தொகை ஏழு கோடிக்கு மேல். 2012 மதிப்பீட்டின்படி இலங்கையில வடக்கு, கிழக்கு, மலையகம், முஸ்லிம்கள் எல்லாரையும் சேர்த்தாலும் ஏறக்குறைய 50 இலட்சம். அங்க எடுக்கிற ஒரு தொடர் தன்ர செலவை அங்கயே எடுத்துப்போடும். பிறகு இஞ்ச வித்து வாறது மேலதிக லாபம், அதாலதான் மலிவா விக்கலாம். இஞ்ச ஒருத்தர் ஒரு நாடகம் எடுத்தா முழுச் செலவையும் இந்தச் சின்னச் சந்தையிலதான் எடுக்கவேணும். நட்டம் வரும் எண்டு தெரிஞ்சு எந்தச் சனல் காசு போடும்? நாங்கள் தெரிவு செய்யிறதுக்கு முன்னமே தெரிவு நடந்து முடிஞ்சுது. எங்கட கையில மிஞ்சினது ரிமோட் மட்டும்தான்.

இதின்ர விளைவு காதில கேக்குது. யாழ்ப்பாணத்திலயோ மட்டக்களப்பிலயோ ஹற்றனிலயோ பிறந்த பிள்ளை, மைக்குக்கு முன்னால நிண்ட உடன "செம", "மாஸ்", "வேற லெவல்" எண்டு சென்னைக் குரல் எடுக்குது. இடைவேளையில "கெதியா வெளிக்கிடு" எண்டு சொல்லுற அதே வாய்தான். அந்தப் பிள்ளையில பிழை இல்லை. வீட்டில கதைக்கிற தமிழ் மைக்குக்குப் பொருந்தாது எண்டு அதுக்கு ஆரோ படிப்பிச்சிருக்கினம். எங்கட பேச்சு இந்தியத் திரையில வந்தால் அது பகிடிக்கு, அல்லது அழுறதுக்கு. ஒரு சாதாரண மனிசன் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிற தமிழாக அது வாறது மிகக் குறைவு.

இது எப்பவும் இப்பிடி இருந்ததில்லை. 1952இல இந்தியத் தகவல் அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில அகில இந்திய வானொலி ஹிந்திச் சினிமாப் பாட்டுகளை ஒதுக்கினபோது, இந்தியச் சனம் றேடியோவின்ர முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினது. இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவையை அங்க வீடு வீடாகக் கேட்டினம். 1957இல இந்தியா விவித் பாரதியைத் தொடங்கினதுக்கு இந்தப் போட்டி ஒரு முக்கிய காரணம். தமிழ்ச் சேவையும் அப்பிடித்தான். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரலைத் தமிழ்நாட்டில தேடிக் கேட்டினம். பாட்டு அவையளுடையது, மைக் எங்களுடையது. ஒருத்தரும் "உங்கட தமிழ் விளங்கேல்லை" எண்டு முள்ளைத் திருப்பேல்லை. தமிழ் அப்பவும் இப்பவும் ஒண்டுதான், பலமான ஒலிபரப்பி அப்ப இஞ்ச இருந்தது. யுத்தகாலத்தில பிரித்தானியப் படைக்காக நிறுவின கருவி அது. கருவி ஆரிட்ட இருக்கோ, அவரின்ர உச்சரிப்புத்தான் "நல்ல தமிழ்".

1970களின் தொடக்கத்தில தென்னிந்திய சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தினது. அந்தப் பத்தாண்டில வீரகேசரிப் பிரசுரங்கள் வந்தன, உள்ளூர் நாவல்களுக்கு வாசகர் வந்தினம். செங்கை ஆழியானின் வாடைக்காற்று நாவலாகி, 1978இல படமாகவும் வந்தது. அப்ப திரும்பவும் கதவைப் பூட்டச் சொல்லுறமோ? இல்லை. அதே ஆட்சிதான் 1972 அரசியலமைப்பையும் பல்கலைக்கழகத் தரப்படுத்தலையும் கொண்டுவந்தது. திறப்பை அரசாங்கத்திட்டக் குடுத்தால் அது எந்தக் கதவை எப்ப பூட்டும் எண்டு எங்களுக்கு நல்லாத் தெரியும். அந்த அனுபவம் சொல்லுறது வேறொண்டு: இடம் கிடைச்சால் எங்கட ஆக்கள் எழுதுவினம், எங்கட சனம் வாசிக்கும்.

"இப்ப யூரியூப் வந்திட்டுது, ஆரும் சனல் துவங்கலாம்" எண்டு அடுத்த பதில் வரும். துவங்கினம்தான். என்ன நடந்தது? யூரியூப் விளம்பரக் காசு பார்க்கிற ஆள் எந்த நாட்டில இருக்கிறார் எண்டதைப் பொறுத்து மாறும். கனடாவில, இங்கிலாந்தில, சுவிஸில இருந்து விழுற பார்வைக்கு இஞ்ச விழுற பார்வையைவிட விலை கூட. அங்க இருக்கிறவைக்கு ஊரைப் பற்றி ஏக்கமும் இருக்கு, குற்றவுணர்ச்சியும் இருக்கு. அதுக்குத் தோதான சரக்குத்தான் உதவி வீடியோ. ஓலைக் குடிசை, ஒரு விதவைத் தாய், பசியில பிள்ளை, சோக இசை, கடைசியில அரிசி மூட்டையோட கும்பிட்ட கை. "உங்கட கணவர் எப்பிடிச் செத்தவர்?" எண்டு கமெராவை முகத்துக்குக் கிட்டப் பிடிச்சுக் கேக்கினம். பதில் சொல்லாட்டி அரிசி கிடைக்குமோ எண்டது அந்த அம்மாவுக்குத் தெரியாது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில அந்தப் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுவினம் எண்டு எடுத்தவர் யோசிச்சாரா? உதவி செய்யவேண்டாம் எண்டு சொல்லேல்லை. உதவிக்கு விலையாக முகத்தைக் கேக்காதேங்கோ எண்டுதான் சொல்லுறம்.

இந்த வியாபாரம் புதிசும் இல்லை. கொழுந்துக் கூடையோட சிரிக்கிற மலையகப் பெண்ணின் படம் நூறு வருசத்துக்கு மேல தேயிலைப் பெட்டியில உலகம் சுத்துது. அவவின்ர ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா ஆகிறதுக்கு 2021 வரை போராடவேண்டி இருந்தது. படம் போன இடத்துக்கு அவவின்ர குரல் போகேல்லை.

பெரிய கொம்பனிகளுக்கு நாங்கள் எவ்வளவு சின்ன ஆக்கள் எண்டதை 2018 மார்ச்சில திகனவில பார்த்தம். முஸ்லிம்களுக்கு எதிரான சிங்களப் பதிவுகள் பேஸ்புக்கில பரவிக்கொண்டிருந்தன. முறைப்பாடு செய்தும் பயனில்லை, சிங்களம் வாசிச்சு விளங்கிற ஆக்கள் அங்க போதுமானளவு இல்லை. கடைகளும் வீடுகளும் எரிஞ்சன. அந்த நிறுவனம் 2020இல வருத்தம் தெரிவிச்சது. எரிஞ்ச கடைக்கு அது என்ன காணும்?

தகவல் ஒரு பக்கத்தில இருந்து மட்டும் பாயுது எண்டு 1980இலயே யுனெஸ்கோவின் மக்பிறைட் அறிக்கை சொன்னது. அந்த விவாதத்தால் கோபப்பட்ட அமெரிக்கா 1984 முடிவோட யுனெஸ்கோவை விட்டு வெளியேறினது. பிரித்தானியாவும் பின்னால போனது. கேள்வி மட்டும் அப்பிடியே கிடக்குது.

எங்களால செய்யக்கூடியது இருக்கு. உள்ளூர்த் தமிழ் நாடகத்துக்கும் படத்துக்கும் குறிப்பிட்ட நேரம் ஒதுக்கச் சொல்லி எங்கட சனல்களைக் கேப்பம். அறிவிப்பாளர் தம்பி தங்கச்சியவை, நீங்கள் வீட்டில கதைக்கிற தமிழை மைக்கிலயும் கதையுங்கோ, கேக்கிறதுக்கு நாங்கள் இருக்கிறம். வெளிநாட்டில இருக்கிற அண்ணாமார், அக்காமார், அழுற முகத்தைக் காட்டுற சனலுக்குக் காசு அனுப்பாதேங்கோ. ஊர் வாசிகசாலைக்கோ குறும்படம் எடுக்கிற பெடியளுக்கோ அனுப்புங்கோ. இனி ஆராவது உங்கட ஊருக்குள்ள கமெராவோட வந்தால், முதலில கேளுங்கோ: "தம்பி, இதை ஆருக்குக் காட்டப்போறீர்?"