பெயரை மறைக்கும் ஆய்வேடுகள்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசராசன் என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தலபுராணமோ கரிகாலன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. கோயில் கல்வெட்டுகளை 1891 முதல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியாகப் பதிப்பித்த ஹூல்ஷும், அப்பணியைத் தொடர்ந்த வெங்கையாவும்தான் உண்மையை ஐயமற நிலைநாட்டினார்கள். அக்கோயிலின் நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டு சொன்னவர் எஸ்.கே. கோவிந்தசாமி. அவர்கள் உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் விட்டுவிடும் ஆய்வேடுகளுக்கு முனைவர் பட்டம் வழங்கப்படுகிறது. இதை மறதி என்று மன்னிக்க முடியாது, இது களவு.

இன்னொரு வகை இதைவிட மோசம். அடிக்குறிப்பில் ஹூல்ஷ் பெயர் இருக்கும். எழுதியவர் அந்தத் தொகுதியைக் கையில் எடுத்தே பார்த்திருக்க மாட்டார். யாரோ தவறாகக் குறித்த பக்க எண் ஆய்வேடு விட்டு ஆய்வேடு தாவி வந்திருக்கும். கையெழுத்திட்ட நெறியாளரும் அதைச் சரிபார்த்ததில்லை.

அறிஞர்கள் பிறர் ஆய்வை ஏன் சுட்டுகிறார்கள்? மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டு 1965இல் பதினைந்து காரணங்களைச் சொன்னார். முன்னோடிக்கு மரியாதை செய்வது, பிறர் பிழையைத் திருத்துவது, தன் பிழையையே திருத்திக்கொள்வது எல்லாம் அதில் உண்டு. தரவரிசையில் ஏறுவது அதில் இல்லை. இன்று நடுவண் அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் மேற்கோள் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் உண்டு. அதனால் ‘நீ என்னைச் சுட்டு, நான் உன்னைச் சுட்டுகிறேன்’ என்று பேரம் நடக்கிறது. சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் கட்டுரைகள் தங்கள் கல்லூரிக் கட்டுரைகளையே அளவுக்கு மீறிச் சுட்டுவதை 2023இல் ‘சயின்ஸ்’ இதழ் உலகறிய வெளியிட்டது. தமிழ்நாட்டுக்கே தலைகுனிவு அது.

தானும் தமக்கையும் தேவியரும் மற்றவரும் தஞ்சைக் கோயிலுக்குக் கொடுத்தவை அனைத்தையும் கல்லில் வெட்டச் சொன்னவன் இராசராசன். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதெல்லாம் இன்றும் அங்கே இருக்கின்றன. ஆடிய பெண்ணின் பெயரையும் விடாமல் பதித்த அந்தக் கல்வெட்டையே ஆராய்ந்து பட்டம் வாங்குகிறவர், அதைப் படித்துத் தந்தவரின் பெயரை விடுவது பெருங்கொடுமை.

பல்கலைக்கழகங்கள் இதை உடனே திருத்த வேண்டும். மூலத்தைப் பார்க்காத அடிக்குறிப்பு இருந்தால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புங்கள். வாய்மொழித் தேர்வில் மூலநூலை மேசைமேல் வைத்துக் கேள்வி கேளுங்கள். பெயர் மறைத்து வெளிவந்த கட்டுரைகளுக்கு இதழ்கள் திருத்தம் வெளியிட வேண்டும். சரிபார்க்காமல் கையெழுத்திடும் நெறியாளருக்குப் புதிய மாணவர்களை ஒதுக்காதீர்கள்.