அறிக்கை யார் கைக்கு வர வேண்டும்?

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன்னே ஏலம் தொடங்கிவிடும். மீனைக் கூறு கட்டி, எல்லாரும் பார்க்கும்படி வைத்துத்தான் விலை கூவுவார்கள். கூடையை மூடி வைத்துக்கொண்டு, "நல்ல மீன், நம்பி வாங்குங்கள்" என்றால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். மீனுக்கே இந்த நியாயம் என்றால், மனித உரிமைக்கு வேண்டாமா?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தொழிலுக்குப் போய்விட்டு இரவில் வீடு திரும்பிய அவர் மகனைக் காவலர் சிலர் பிடித்துச் சென்று, அடித்து, வழக்கு எதுவுமின்றி மறுநாள் அனுப்பிவிட்டனர். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு நான் அவரிடம் போனேன். அவர் கேட்டார்: "தம்பி, நீ காலேஜ் படிக்கிற புள்ள. நம்மள மாதிரி ஒருத்தன் மனு குடுத்து நியாயம் கெடச்சுதுன்னு எங்கனா அச்சுல போட்டிருக்காங்களா? அதக் காட்டு, கையெழுத்துப் போடச் சொல்றேன்."

காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கல்லூரி நூலகத்தில் தேடினேன். ஆணையத்தின் ஆண்டறிக்கை ஒன்றுகூட அங்கில்லை. மனு இன்னும் கையெழுத்தில்லாமல் என் நோட்டுக்குள் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம் மாநில ஆணையம் 1997இல் அமைந்தது. விசாரணை அறிக்கையின் படியை மனுதாரருக்குத் தர வேண்டும், அரசின் கருத்தோடு சேர்த்து அதை வெளியிடவும் வேண்டும் என்கிறது 18ஆம் பிரிவு. 28ஆம் பிரிவின்படி ஆணையம் தன் ஆண்டறிக்கையை மாநில அரசிடம் அளிக்க வேண்டும். அரசு அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். எடுத்த நடவடிக்கை என்ன, ஏற்காத பரிந்துரைக்குக் காரணம் என்ன என்பதையும் உடன் சொல்ல வேண்டும். அழகான ஏற்பாடுதான். ஆனால் எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று அப்பிரிவில் ஒரு வரி இல்லை! அரசின் குறையைச் சொல்லும் ஏடு, அரசின் மேசையைத் தாண்டித்தான் மக்களிடம் வர வேண்டும். தாண்டுவதற்கு நாள் மட்டும் குறிக்கப்படவில்லை.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. 1981இல் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்தின் 59ஆம் பிரிவைப் பாருங்கள். நாட்டுத் தலைவர்களின் பேரவை வேறுவிதமாக முடிவு செய்யும்வரை, புகார்களின் மேல் அக்கண்டத்து ஆணையம் எடுக்கும் நடவடிக்கைகள் இரகசியமாகவே இருக்க வேண்டுமாம். குற்றம் சாட்டப்படும் அரசுகளே அறிக்கையின் வாசலில் காவல் நிற்கின்றன.

"பாதிக்கப்பட்டோர் பெயர் வெளியானால் ஆபத்தல்லவா?" என்று சிலர் கேட்கலாம். உண்மையே, பெயரை மறைக்கட்டும். எத்தனை மனு வந்தது, எத்தனை தள்ளப்பட்டது, எந்தப் பரிந்துரை நிறைவேறியது என்பதை மறைப்பானேன்? ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்தப் பரிந்துரையை ஊரறியச் சொன்னால்தானே, அது நிறைவேறியதா என்று ஊர் கேட்க முடியும்?

ஆகவே, சட்டத்தில் நாள் குறிக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் அறிக்கை தயாராக வேண்டும். அடுத்த கூட்டத்தொடரிலேயே அது சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். தவறினால் ஆணையமே வெளியிடலாம் என்று எழுதிவிட வேண்டும். அது எளிய தமிழில் அச்சாகி, வட்டாட்சியர் அலுவலகங்களுக்கும் நம்மைப் போன்றோர் படிக்கும் கல்லூரி நூலகங்களுக்கும் வர வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! நிகழ்ச்சி நடந்து ஓராண்டு கழிந்துவிட்டால் ஆணையம் அதை விசாரிக்க முடியாது என்பதும் அதே சட்டம்தான். எங்கள் தெருப் பெரியவருக்கு அந்த ஓராண்டில் நான்கு மாதமே மீதி. அறிக்கையை வைக்க வேண்டிய அரசுக்குக் கெடு இல்லை. அடிபட்டவனுக்குக் கெடு உண்டு. அதற்குள் அவர் கேட்ட அந்த ஓர் அச்சுத்தாளைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அலைந்துகொண்டிருக்கிறேன்.