காகம் சொன்ன பாடம், கொண்டலாத்தி கொண்டுவந்த செய்தி!

அமாவாசை அன்று நந்தனம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 'கா... கா...' என்று அழைக்கும் குரல் கேட்கும். மறைந்த பெரியவர்களை நினைத்து ஒரு பிடி சோறு வைப்பார்கள். காகம் வந்து எடுத்த பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள்.

குர்ஆனிலும் காகம் வருகிறது. அங்கேயும் மரணத்தை ஒட்டித்தான்!

ஆதம் நபியின் இரு மகன்களில் ஒருவன் தன் சகோதரனையே கொன்றுவிடுகிறான். அப்போது இறைவன் ஒரு காகத்தை அனுப்புகிறான். அது தரையைக் கிளறுகிறது. அதைப் பார்த்த பிறகுதான் உடலை மண்ணில் மறைக்க வேண்டும் என்பது கொன்றவனுக்குப் புரிகிறது. ஒரு காகத்துக்குத் தெரிந்ததுகூடத் தனக்குத் தெரியவில்லையே என்று நொந்துபோகிறான். இது 5-வது அத்தியாயத்தின் 31-வது வசனத்தில் உள்ளது. ஓர் உயிரை அநியாயமாகப் பறிப்பது மனித இனத்தையே கொன்றதற்குச் சமம் என்ற கருத்து அடுத்த வசனத்திலேயே வருகிறது.

இன்னொரு பறவை கொண்டலாத்தி. தலையில் விசிறிபோல் கொண்டை, நீண்டு வளைந்த அலகு. நந்தனத்துக்குப் பக்கத்தில் உள்ள கிண்டி தேசியப் பூங்காவில் மண்ணைக் குத்திப் பூச்சி தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். அரபியில் இதன் பெயர் 'ஹுத்ஹுத்'.

27-வது அத்தியாயத்தில், சுலைமான் நபி பறவைகளைப் பார்வையிடும்போது ஹுத்ஹுத்தைக் காணவில்லை. தக்க காரணம் சொல்லாவிட்டால் தண்டனைதான் என்று கோபப்படுகிறார். சற்று நேரத்தில் திரும்பி வந்த அது, அவருக்கே தெரியாத ஒரு செய்தியைச் சொல்கிறது. ஸபா என்ற நாட்டை ஓர் அரசி ஆள்கிறாள், அங்குள்ள மக்கள் சூரியனை வணங்குகிறார்கள்!

சின்னப் பறவைதானே என்று சுலைமான் நபி அதை ஒதுக்கவில்லை. கேட்டதும் அப்படியே நம்பிவிடவும் இல்லை. உண்மையா என்று பார்க்க, அதனிடமே ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறார். வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்து முடிக்கும் முன்பே அடுத்தவருக்கு அனுப்பிவிடும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. வீட்டில் குழந்தை ஏதாவது சொல்ல வந்தால், 'உனக்கென்ன தெரியும்?' என்று வாயை அடைப்பவர்களுக்கும்தான்.

ஒரு பறவை கொலைகாரனுக்கு மனிதத்தன்மையைக் கற்றுத்தருகிறது. இன்னொன்று அரசருக்கே புதுச் செய்தி சொல்கிறது. சிறகடிக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமூகங்களே என்ற கருத்தும் குர்ஆனில், 6-வது அத்தியாயத்தின் 38-வது வசனத்தில் இருக்கிறது.

நாளைக் காலை பால்கனியில் காகம் கரைந்தால், விரட்டாமல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். அதுவும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்தானே!