சாரல் விழாவில் ஒரு திரை கட்டுங்க: குற்றாலத்துக்கு ஏன் வேண்டும் காட்டுயிர்ப் படவிழா?

ஜூன் வந்து சாரல் அடிக்க ஆரம்பிச்சா, நம்ம ஃபோன் முழுக்க குற்றாலம்தான். மெயின் அருவி, ஐந்தருவி, பார்டர் பரோட்டா. சரி, அந்தத் தண்ணீர் வரும் காட்டைப் பற்றி ஒரு ரீல் பார்த்திருக்கீங்களா?

காட்டைப் பற்றிய படங்களுக்கென்றே உலகில் விழாக்கள் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1982-ல் தொடங்கிய வைல்ட்ஸ்கிரீன், அதன் விருதுகளுக்கு 'பசுமை ஆஸ்கர்' என்ற செல்லப்பெயர் வாங்கிய விழா. இந்தியாவில் 2002-ல் 'வாதாவரண்' தொடங்கியது.

படம் காட்டினா என்ன மாறும்?

கர்நாடகத்தின் குதிரேமுக் காட்டில் நடந்த இரும்புத்தாதுச் சுரங்கத்தின் பாதிப்பை, சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி 2001-ல் படமாக்கினார். சுரங்கத்தை 2005 இறுதிக்குள் மூட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கை நடத்தியவர்கள் சூழலியலாளர்கள். ஆனால் தூரத்துக் காட்டில் நடப்பதை மக்கள் கண்ணால் பார்க்க வைத்தது படம்.

தென்காசிக்கு ஏன்?

முதுமலையில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023-ல் ஆஸ்கர் வாங்கியபோது நாம எல்லாரும் நெகிழ்ந்தோம். ஆனா வடகரை, மேக்கரை விவசாயிக்கு யானை என்றால் ராத்திரி சாய்ந்த தென்னையும், மிதிபட்ட வாழையும்தான். இன்னொரு பக்கம், ரயிலும் நெடுஞ்சாலையும் போகும் செங்கோட்டைக் கணவாய், அகத்தியமலை யானைகளை வடக்கே பெரியாறு பக்கத்துக் கூட்டங்களிலிருந்து பிரிக்குது. இரண்டு கஷ்டமும் ஒரே திரையில் வரணும். யானையைப் பார்த்து நெகிழ்பவரும், அதனால் நஷ்டப்பட்டவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரணும். பிரிஸ்டலில் அது நடக்காது, இங்கே நடக்கும்.

'ஏற்கெனவே கூட்டம் தாங்கல, இதுல விழா வேறயா?' நியாயமான கேள்வி. அதனால்தான் புது விழா கேட்கல. ஆண்டுதோறும் அரசு நடத்தும் சாரல் விழாவில் மலர்க் கண்காட்சி இருக்கு, நாய்கள் கண்காட்சி இருக்கு, கொழு கொழு குழந்தைகள் போட்டிகூட இருக்கு. அதே அரங்கில் இரண்டு மாலை, தமிழில் காட்டுயிர்ப் படங்கள். காட்டுக்குள் லைட்டும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம். படம் முடிந்ததும் வனத்துறையும் விவசாயிகளும் மேடையேறிப் பேசட்டும். உள்ளூர்ப் பிள்ளைகள் ஃபோனில் எடுத்த படங்களுக்கும் இடம் கொடுக்கட்டும்.

அருவியில் சோப்பு, ஷாம்பு போடாதீங்கன்னு போர்டு வெச்சாச்சு. தண்ணீர் எங்கிருந்து வருதுன்னு பார்த்தவங்களுக்கு அந்த போர்டு தேவைப்படாது.